டோக்கியோவில் முதல் வாரம்: மாணவப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவுக்குப் போகும் மாணவர்கள் பொதுவாக மொழியை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். நடைமுறையில் மொழி அவ்வளவு பெரிய தடை இல்லை. ரயில் நிலையப் பலகைகளில் ஆங்கிலம் உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. டிக்கெட் எந்திரத்தில் மொழியை மாற்றிக்கொள்ளலாம். பணமும் நேரமும் கரைவது வேறு காரணங்களால். ஊர் எவ்வளவு பெரியது என்று தெரியாமல் நாளைத் திட்டமிடுவது ஒன்று. பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஓட்டும் ரயில்களை ஒரே ரயில்வே என்று நினைத்துக்கொள்வது இன்னொன்று. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவைதான்.

ஒரே நாளில் ஊரின் நான்கு மூலைகள்

காலையில் அசாகுசா, மதியம் ஷிபுயா, மாலையில் ஒடைபா, இரவு ஷிஞ்சுக்கு. முதல் முறை போகிறவர்களின் திட்டம் அநேகமாக இப்படித்தான் இருக்கிறது. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் யமானோத்தே வட்டப்பாதையின் நீளம் 34.5 கிமீ. அதில் 30 நிலையங்கள், ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஷிபுயா, ஷிஞ்சுக்கு, இகெபுகுரோ மூன்றும் வட்டத்தின் மேற்கே இருக்கின்றன. டோக்கியோ நிலையம், அகிஹபரா, உவெனோ மூன்றும் கிழக்கே. அசாகுசா இந்த வட்டத்துக்கே வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஷிபுயா போக, கின்சா சுரங்க ரயில் பாதையின் ஒரு முனையில் ஏறி மறு முனை வரை அரை மணி நேரத்துக்கு மேல் பயணிக்க வேண்டும்.

ரயிலில் இருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் திட்டம் மதியத்துக்குள் குலைந்துவிடும். பெரிய நிலையங்களில் நடைமேடையிலிருந்து தெருவுக்கு வரவே பத்து நிமிடம் ஆகும். ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற, சுரங்க வழிகளில் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டியும் வரும். ஆகவே வழி காட்டும் செயலி 35 நிமிடம் என்று காட்டினால் 55 என்று எழுதிக்கொள்ளுங்கள். நான்கு முறை இடம் மாறினால், ஒரு முழு அருங்காட்சியகம் பார்க்கும் நேரம் நிலையங்களுக்குள்ளேயே போய்விடும்.

ஒரு நாளுக்கு ஊரின் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வதுதான் சரி. அசாகுசா, உவெனோ, யானகா மூன்றும் ஒரு நாள். முதல் இரண்டுக்கும் இடையே ரயிலில் ஐந்து நிமிடம்தான், உவெனோவிலிருந்து யானகாவுக்கு நடந்தே போகலாம். மெய்ஜி ஜிங்கு ஆலயம், ஹராஜுக்கு, ஷிபுயா இன்னொரு நாள். ஹராஜுக்குவுக்கும் ஷிபுயாவுக்கும் ஒரே ஒரு நிலையம்தான் இடைவெளி, அதையும் நடந்து கடப்பதே நல்லது. அரண்மனைத் தோட்டம், கின்சா, த்ஸுகிஜி மூன்றும் சேர்ந்து ஒரு நாள்.

நாளின் வரிசையையும் பலர் தலைகீழாகப் போடுகிறார்கள். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மாலை 5 மணிக்கு மூடும், கடைசி அனுமதி அதற்கு அரை மணி நேரம் முன்னால். கடைகள் காலை 10 அல்லது 11 மணிக்குத்தான் திறக்கும். ஜப்பானில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் கிடையாது. அதனால் ஜூனில் அதிகாலை நான்கரைக்கே விடிந்துவிடும். டிசம்பரிலோ மாலை நான்கரைக்கே இருட்டிவிடும். அசாகுசாவின் சென்சோ-ஜி கோயிலில் பிரதான மண்டபம் காலை 6 மணிக்கு (அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறரைக்கு) திறக்கிறது. மெய்ஜி ஜிங்குவின் வாயில்கள் சூரிய உதயத்தோடு திறந்து அஸ்தமனத்தோடு மூடுகின்றன. இந்த இரண்டுக்கும் கட்டணமும் கிடையாது. ஏழு மணிக்கு அங்கே நின்றால் கூட்டமில்லாமல் பார்க்கலாம். பதினோரு மணிக்குப் போனால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். கோயிலும் பூங்காவும் விடியற்காலையில், அருங்காட்சியகம் பகலில், கடைத்தெருக்கள் இருட்டிய பின் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டு மடங்கு பார்க்கலாம்.

ரயில்: பணம் கசிகிற இடம்

யமானோத்தேயை ஓட்டும் ஜேஆர் ஈஸ்ட் (சுருக்கமாக ஜேஆர்) ஒரு நிறுவனம். சுரங்க ரயிலில் இரண்டு நிறுவனங்கள்: ஒன்பது பாதைகளை ஓட்டும் டோக்கியோ மெட்ரோ, நான்கு பாதைகளை ஓட்டும் தோயெய். புறநகர்களுக்கு ஒடாக்யூ, கெயோ, தோக்யூ, செய்பு, தோபு, கெய்செய், கெய்க்யூ என்று தனியார் நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியான ஆரம்பக் கட்டணம் இருக்கிறது. ஒரே பயணத்தில் ஜேஆர், மெட்ரோ, தோயெய் என்று மூன்றிலும் மாறினால் மூன்று ஆரம்பக் கட்டணம் விழும். மெட்ரோவுக்கும் தோயெய்க்கும் இடையே மாறும்போது 70 யென் தள்ளுபடி உண்டு, அதோடு சரி. வழி காட்டும் செயலிகள் மிக விரைவான வழியைத்தான் முதலில் காட்டும். அதற்குக் கீழே, ஐந்து நிமிடம் கூடுதலாகி ஒரே நிறுவனத்தின் பாதையிலேயே போகும் வழி பெரும்பாலும் கணிசமாக மலிவாக இருக்கும். நிமிடத்தைப் பார்க்கும் கண் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் இதில் மிச்சமாகும் பணம் சில வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும்.

கட்டணம் செலுத்தச் சுயிகா, பாஸ்மோ என்ற தொடு அட்டைகள் இருக்கின்றன. எதை வாங்கினாலும் எல்லா நிறுவனங்களிலும் செல்லும், ஆகவே இரண்டையும் வாங்குவது வீண். வழக்கமான சுயிகாவுக்கு 500 யென் வைப்புத்தொகை, அது பின்னால் திரும்பக் கிடைக்கும். பயணிகளுக்கான வெல்கம் சுயிகாவுக்கு வைப்புத்தொகை இல்லை. ஆனால் அது 28 நாள்தான் செல்லும், மிச்சப் பணமும் திரும்பக் கிடைக்காது. வந்து இறங்கியதும் அதில் பத்தாயிரம் யென் ஏற்றி, போகும்போது நாலாயிரத்தை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆயிரம், இரண்டாயிரமாக ஏற்றுங்கள். நிலையங்களில் உள்ள பெரும்பாலான எந்திரங்கள் ரொக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

வெளியேறும்போது இருப்பு போதாவிட்டால் தடுப்பு மூடிக்கொண்டு மணி அடிக்கும். பின்னால் வரிசை நிற்பதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. தடுப்புக்குப் பக்கத்திலேயே கட்டணச் சரிக்கட்டல் எந்திரம் இருக்கும், அதில் அட்டையை வைத்துப் பணம் போட்டுவிட்டு வந்தால் போதும். தவறான நிலையத்துக்குள் நுழைந்துவிட்டு அதே வாசலில் வெளியேறப் பார்த்தாலும் பல இடங்களில் தடுப்பு திறக்காது. ஓரத்தில் பணியாளர் இருக்கும் அகலமான வழிக்குப் போய் அட்டையைக் காட்டினால் சரிசெய்து தருவார்.

பயணச்சீட்டுத் தொகுப்புகளில் இரண்டு குழப்பங்கள் உண்டு. டோக்கியோ சப்வே டிக்கெட் 24, 48, 72 மணி நேரங்களுக்கு விற்கப்படுகிறது. இது மெட்ரோ, தோயெய் இரண்டிலும் செல்லும், ஜேஆரில் செல்லாது. யமானோத்தே தடுப்பில் இதை நுழைத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். அதன் நேரம் முதல் முறை பயன்படுத்திய நொடியிலிருந்து ஓடுகிறது, நள்ளிரவில் தீர்வதில்லை. திங்கள் மதியம் 2 மணிக்குத் தொடங்கிய 24 மணிச் சீட்டு செவ்வாய் மதியம் வரை வரும். மதியத்தில் தொடங்கினால் ஒரு மாலையும் ஒரு முற்பகலும் ஒரே சீட்டில் அடங்கிவிடும்.

இரண்டாவது குழப்பம், நாடு முழுவதும் ஜேஆர் ரயில்களில் குறித்த நாட்களுக்குச் செல்லும் ஜப்பான் ரயில் பாஸ். இதைப் பற்றிப் பழைய வழிகாட்டிகளில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். 7 நாள் சாதாரண வகுப்புப் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 14,000 யென். போய் வந்தாலும் பாஸ் விலையில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். டோக்கியோவில் தங்கி ஒரு முறை கியோட்டோ போய்வர நினைக்கும் மாணவருக்கு அந்தப் பாஸ் நஷ்டம். இரவுப் பேருந்து இன்னும் மலிவு, தங்கும் செலவில் ஒரு இரவும் மிச்சம்.

சுரங்கப்பாதை நடைமேடையில் வரும் ரயில் சுரங்கத்தோடு நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. பல ரயில்கள் எல்லை நிலையத்தில் வேறு நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஏறி அப்படியே தொடரும். ஃபுகுதோஷின் பாதையில் ஏறியவர் ஷிபுயாவில் இறங்கத் தவறினால், அதே இருக்கையில் யோகொஹாமா வரை போய்ச் சேரலாம். அதனால் ரயில் நிறத்தைப் பார்த்து ஏறாமல், பலகையில் சேருமிடத்தையும் வகையையும் பார்க்க வேண்டும். வகை என்பது எல்லா நிலையத்திலும் நிற்பதா, விரைவு ரயிலா, அதிவிரைவு ரயிலா என்பது. ஆரஞ்சு நிற ச்சூஓ விரைவு ரயில் வார நாட்களில் கோயென்ஜி, அசகயா, நிஷி-ஓகிகுபோ நிலையங்களில் நிற்கும், சனி ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் நிற்காது. கோயென்ஜியின் பழைய துணிக்கடைகளைத் தேடி ஞாயிற்றுக்கிழமை போகும் மாணவர்கள் அந்த நிலையத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கடந்துபோவது இதனால்தான். அந்த நாட்களில் மஞ்சள் பட்டை போட்ட, எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலில் ஏற வேண்டும்.

கடைசி ரயிலைப் பற்றி மெத்தனம் கூடாது. நள்ளிரவு 12 மணியிலிருந்து ஒரு மணிக்குள் எல்லாம் நின்றுவிடும், பிறகு அதிகாலை ஐந்து மணியை ஒட்டித்தான் தொடங்கும். ஒவ்வொரு பாதைக்கும் கடைசி ரயில் நேரம் வேறு. தங்குமிடம் போக இரண்டு ரயில் மாற வேண்டுமென்றால் பதினொன்றரைக்கே கிளம்புங்கள். முதல் ரயில் கிடைத்து இரண்டாவது போய்விட்டால் நடுவழியில்தான் நிற்க வேண்டும். டாக்சியின் ஆரம்பக் கட்டணம் ஏறக்குறைய ஒரு கிமீக்கு 500 யென். இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல். ஷிபுயாவிலிருந்து அசாகுசா போன்ற தூரத்துக்கு இது மாணவர் ஒருவரின் இரண்டு மூன்று இரவுத் தங்கும் செலவை விழுங்கிவிடும்.

வார நாட்களில் காலை ஏழரை முதல் ஒன்பது வரை பெட்டியோடு ரயிலில் ஏறாதீர்கள். அந்த நேரத்தில் சில பெட்டிகள் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. நடைமேடைத் தரையிலும் கண்ணாடியிலும் இளஞ்சிவப்புக் குறியீடு இருக்கும்.

வெளிவாசல் எண்

கின்னஸ் பதிவின்படி உலகிலேயே அதிகப் பயணிகள் புழங்கும் நிலையம் ஷிஞ்சுக்கு. அதற்கு இருநூறுக்கும் மேற்பட்ட வெளிவாசல்கள். "ஷிஞ்சுக்குவில் சந்திப்போம்" என்று நண்பர்களிடம் சொல்வது எந்தத் தகவலையும் சொல்லாததற்குச் சமம். தவறான வாசலில் ஏறினால் தண்டவாளங்களின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவீர்கள், சுற்றிவர கால் மணி நேரம் ஆகும். போகும் இடத்தின் பெயருக்கு முன்னால் அதன் வாசல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுரங்க நிலையங்களில் ஏ3, பி2 என்று மஞ்சள் பலகைகளில் இருக்கும். பூமிக்கடியில் செயலியின் நீலப்புள்ளி அலையும், அதை நம்பிப் பிரயோஜனமில்லை. பலகையைத் தொடர்ந்து மேலே வந்த பிறகு செயலியைத் திறங்கள்.

முகவரியும் அப்படித்தான். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. வட்டாரம், அதற்குள் பகுதி எண், அதற்குள் மனை எண், கடைசியில் கட்டட எண் என்று போகும். அடுத்தடுத்த கட்டட எண்கள் அடுத்தடுத்து இருக்கும் என்ற உறுதியும் இல்லை. விடுதியின் முகவரியோடு பக்கத்து நிலையம், வாசல் எண், அங்கிருந்து வரும் வழியின் படம் ஆகியவற்றைக் கைபேசியில் முன்கூட்டியே சேமித்துவையுங்கள். வழி தெரியாவிட்டால் தெருமுனைகளில் இருக்கும் கோபான் என்ற சிறு காவல் மையத்தில் கேட்கலாம். வழி சொல்வது அவர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று.

வந்து இறங்கும் இரவு

நரிதா விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கிமீ தொலைவில் இருக்கிறது. ஹனேதா நகரத்துக்குள்ளேயே தெற்கு ஓரத்தில். மலிவான டிக்கெட் என்று நரிதாவில் இரவு பத்து மணிக்கு இறங்கும் விமானத்தைப் பதிவு செய்தால், குடிவரவும் சுங்கமும் முடிந்து வெளியே வரும்போது நகரத்துக்குள் போகும் ரயில்கள் தீரும் நேரம். மிச்சம் பிடித்த தொகையை அந்த ஒரு இரவே தின்றுவிடும். விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இறங்கும் நேரத்தோடு ஒன்றரை மணி நேரம் கூட்டி, அந்த நேரத்துக்கு ரயில் இருக்கிறதா என்று பாருங்கள். விசிட் ஜப்பான் வெப் என்ற அரசு இணையதளத்தில் விவரங்களை முன்கூட்டியே நிரப்பி க்யூஆர் குறியீட்டை எடுத்துவைத்தால் வரிசையில் கொஞ்ச நேரம் மிச்சமாகும்.

நரிதாவிலிருந்து கெய்செய் ஸ்கைலைனர் 40 நிமிடங்களுக்குள் நகரத்திலுள்ள நிப்போரி நிலையத்துக்குக் கொண்டுபோய்விடும். அதே கெய்செய் நிறுவனத்தின் சாதாரண அக்சஸ் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், கட்டணம் அதில் பாதியளவுதான். தொடு அட்டையை வைத்தே ஏறலாம். அசாகுசா பக்கம் தங்குகிறவர்களுக்கு அது நேராக அங்கேயே போவதால் மாறவும் தேவையில்லை. அவசரமில்லாத மாணவருக்கு இரண்டாவதுதான் சரியான தேர்வு.

ரொக்கமும் சீட்டு எந்திரமும்

எங்கும் கார்டு செல்லும் என்று நினைத்து வெறும் கையோடு போகாதீர்கள். பெரிய கடைகளில் செல்லும். மாணவர்கள் அதிகம் சாப்பிடப்போகும் சின்ன ராமென் நூடுல்ஸ் கடைகள், கோயில் நுழைவுக் கட்டணங்கள், பழைய லாக்கர்கள், துணி துவைக்கும் எந்திரங்கள் எல்லாம் இன்னும் ரொக்கத்தையே கேட்கின்றன. செவன்-லெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும். எந்த எந்திரமாவது உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, யென்னில் கணக்கிடவா என்று கேட்டால் யென் என்றே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாக இருக்கும்.

ராமென் கடைக்குள் நுழைந்ததும் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டால் யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். வாசலருகே ஒரு சீட்டு எந்திரம் இருக்கும். முதலில் பணத்தைப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் பொத்தான்கள் ஒளிரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால், பெரும்பாலான கடைகளில் இடது மேல் மூலையில் இருப்பது அந்தக் கடையின் முக்கியமான பண்டம். சீட்டு விழுந்ததும் மீதிச் சில்லறைக்கான நெம்புகோலையோ பொத்தானையோ அழுத்தினால்தான் பல எந்திரங்கள் சில்லறையைத் தரும். இதைத் தெரியாமல் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பழைய எந்திரங்களில் இன்னொரு சிக்கல், 2024 ஜூலை 3 அன்று வெளிவந்த புதிய நோட்டுகளைச் சில இன்னும் ஏற்பதில்லை. ஆயிரம் யென் நோட்டில் பழையதும் ஒன்றிரண்டு, நூறு யென் நாணயங்களும் கையில் இருக்கட்டும்.

இரவு உணவுக்கு இசகாயா என்ற மதுக்கூட உணவகத்துக்குப் போனால், கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் மேஜைக்கு வரும். அது இலவசமல்ல. உட்காரும் கட்டணம் போல ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை ரசீதில் சேரும். இது ஏமாற்று இல்லை, வழக்கம். டிப்ஸ் எங்கும் கொடுக்க வேண்டாம், விட்டுவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். அதே உணவகங்கள் மதியத்தில் தரும் தொகுப்புச் சாப்பாடு இரவு விலையைவிட மிகக் குறைவு. ஆகவே நல்ல சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொண்டு இரவை எளிமையாக முடிப்பதே சிக்கனம். சூப்பர்மார்க்கெட்டுகளில் மூடும் நேரம் நெருங்க நெருங்க, சமைத்த உணவுப் பெட்டிகளில் 20, 30, 50 சதவீதத் தள்ளுபடிச் சீட்டு ஒட்டிக்கொண்டே வருவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஏமாறுவது காய்கறி உணவைத் தேர்ந்தெடுத்த பிறகுதான். தட்டில் இறைச்சியோ மீனோ தெரியாது. ஆனால் தாஷி என்ற அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்ந்த பொனீட்டோ மீனில் ஆனது. மிசோ சூப், ஊதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், காய்கறி அவியல், முட்டை ஆம்லெட் எல்லாவற்றிலும் அது இருக்கும். "இறைச்சி இல்லை" என்று மட்டும் சொன்னால் பணியாளர் உண்மையாகவே சரி என்பார், மீன் சாறு அவர் கணக்கில் வராது. இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு சீட்டைக் கைபேசியில் வைத்துக் காட்டுங்கள். புத்த மடங்களின் மரபில் வந்த ஷோஜின் உணவில் தாஷியும் கடற்பாசியிலும் காளானிலும் செய்யப்படுகிறது. விலை அதிகம்தான், ஒரு முறை சாப்பிடத் தகுந்தது.

வயது, மருந்து, பாஸ்போர்ட்

ஜப்பானில் 2022 ஏப்ரல் முதல் சட்டப்படி வயதுவந்தோர் வயது 18. மது, புகை இரண்டுக்கும் இன்னும் 20 தான். 18, 19 வயது மாணவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஷிபுயா நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மாலை 6 முதல் காலை 5 வரை நின்று குடிப்பதற்கு 2024 அக்டோபர் முதல் ஆண்டு முழுவதும் தடை. ஷிஞ்சுக்குவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில், தெருவில் நின்று "வாருங்கள், மலிவு" என்று அழைக்கிறவர் பின்னால் போகவே கூடாது. வாசலில் சொன்ன விலை ஒன்றாகவும், கடைசியில் வரும் ரசீது வேறாகவும் இருக்கும்.

குறுகிய காலம் தங்குகிறவர்கள் பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விடுதி லாக்கரில் பத்திரமாக இருக்கிறது என்பது காவலரிடம் செல்லாது. சுற்றுலா அனுமதியில் வந்து கூலிக்கு வேலை பார்ப்பதும் சட்டவிரோதம், ஒரு நாள் வேலையானாலும் சரி.

மருந்து விஷயத்தில் விளையாட வேண்டாம். ஆம்ஃபெட்டமின் கலந்த கவனக்குறைபாட்டு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இருந்தாலும் உள்ளே கொண்டுபோக முடியாது. சில சளி மருந்துகளில் இருக்கும் சூடோஎபிட்ரின் 10 சதவீதத்தைத் தாண்டினாலும் தடைதான். தடையில்லாத மருந்தானாலும், மருத்துவர் எழுதிக்கொடுத்ததை ஒரு மாதத் தேவைக்கு மேல் கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பட்டியல் போட்டுச் சரிபாருங்கள்.

மின் இணைப்பு 100 வோல்ட், தட்டையான இரண்டு ஊசிச் செருகி. கைபேசி, மடிக்கணினி சார்ஜர்கள் பிரச்சினையின்றி ஓடும். 230 வோல்ட்டுக்கு மட்டும் செய்த தலைமுடி உலர்த்தி சூடாகாது. காவல் துறைக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119.

திங்கட்கிழமையும் முன்பதிவும்

பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். திங்கள் பொது விடுமுறையாக இருந்தால் அன்று திறந்து மறுநாள் மூடுவார்கள், அதனால் செவ்வாயையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரண்மனையின் கிழக்குத் தோட்டம் திங்கள், வெள்ளி இரண்டிலும் மூடல். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை ஊரின் பாதி விடுமுறையில் இருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறையில் விடுதி விலை எகிறும்.

மிதாக்காவில் உள்ள கிப்லி அனிமேஷன் அருங்காட்சியகத்தில் வாசலில் சீட்டு விற்பதே இல்லை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு அடுத்த மாதத்துச் சீட்டுகள் இணையத்தில் வெளியாகும், சீக்கிரம் தீர்ந்துவிடும். த்ஸுகிஜி மீன் ஏலத்தைப் பார்க்கலாம் என்று இன்னும் சிலர் அங்கே போகிறார்கள். ஏலம் நடந்த உள்சந்தை 2018 அக்டோபரில் தோயோசுவுக்குப் போய்விட்டது, த்ஸுகிஜியில் இருப்பது உணவுக் கடைகள் நிறைந்த வெளிச்சந்தை. தோயோசுவில் ஏலத்தை அருகிலிருந்து பார்க்க முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலில் இடம் பெற வேண்டும்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் தவறு. ஷிஞ்சுக்குவில் உள்ள டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆவது மாடி, 202 மீட்டர் உயரம், கட்டணமே இல்லை. குளிர்காலத்தில் வானம் தெளிவான காலை வேளையில் போனால் ஃபுஜி மலை தெரியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழக அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஷிஞ்சுக்கு கியோயென் தோட்டத்தில் 500 யென் கட்டணம் மாணவருக்கு 250. உவெனோவின் அருங்காட்சியகங்களிலும் மாணவர் கட்டணம் உண்டு, அட்டை காட்டினால்தான் கிடைக்கும்.

ஊரைப் பற்றி அவசரமாக முடிவு கட்டுவது

மாணவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இங்கே மனிதர்கள் பேசுவதில்லை என்பது ஒன்று, பழமை எதுவுமே மிச்சமில்லை என்பது மற்றது. இரண்டும் ஷிபுயா, ஷிஞ்சுக்கு, காலை நேர ரயில் மூன்றை மட்டும் பார்த்து எழுதியவை. ரயிலில் கைபேசியில் பேசாமலிருப்பது, இத்தனை பேர் நெருக்கி நிற்கும் இடத்தில் அடுத்தவருக்குத் தரும் மரியாதை. அதே மனிதர்கள் மாலையில் எட்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு சின்னக் கடையில் பக்கத்து இருக்கைக்காரரோடு தாராளமாகப் பேசுவார்கள்.

பழைய கட்டடங்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் ஊரின் பெரும்பகுதி அழிந்தது. 1945 மார்ச் 9, 10 இரவில் நடந்த குண்டுவீச்சில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள், கிழக்கே பெரும்பகுதி எரிந்தது. சென்சோ-ஜியும் அப்போது எரிந்ததுதான். இன்று காணும் பிரதான மண்டபம் 1958இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது. இதைத் தெரிந்துகொண்டு அந்த மண்டபத்தின் முன் நிற்பதற்கும், தெரியாமல் படம் எடுத்துக்கொண்டு நகர்வதற்கும் நிறைய வித்தியாசம். சுமிதா பகுதியின் யோகோஅமிச்சோ பூங்காவில் இரண்டு பேரழிவிலும் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. அசாகுசாவிலிருந்து ஆற்றைக் கடந்தால் தூரமில்லை, ஆனால் கூட்டம் அங்கே போவதில்லை. இரண்டு அழிவிலிருந்தும் பெருமளவு தப்பிய யானகாவில் மரவீடுகளும் சிறு கோயில்களும் குறுகிய சந்துகளும் இன்னும் இருக்கின்றன. நிப்போரி நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கி, பட்டியல் எதுவும் இல்லாமல் ஒரு பிற்பகல் நடங்கள். ஒரு வாரத்தில் ஒரே ஒரு பகுதிக்கு இரண்டாம் முறை போக முடியுமானால் யானகாவுக்கே போகலாம்.

கிளம்பும் நாள்

நரிதாவில் டெர்மினல் எண்ணைப் பார்க்காமல் போகாதீர்கள். மலிவு விமானங்கள் பெரும்பாலும் டெர்மினல் 3இலிருந்து கிளம்புகின்றன. அதற்கென்று தனி ரயில் நிலையம் இல்லை. டெர்மினல் 2 நிலையத்தில் இறங்கி நடந்தோ ஷட்டில் பேருந்திலோ போக வேண்டும். அதற்குக் கால் மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மலிவு நிறுவனங்களின் கவுன்டர்கள் குறித்த நேரத்தில் மூடிவிடும், கெஞ்சினாலும் திறக்காது.

நாணயங்களைப் பணமாற்றுக் கவுன்டர்களில் பொதுவாக வாங்க மாட்டார்கள், ஆகவே கடைசி நாளில் செலவழித்துவிடுங்கள். அட்டையில் மிச்சமிருக்கும் தொகையைத் தீர்க்கச் சுலபமான வழி, கன்வீனியன்ஸ் கடையில் இருப்பைவிடச் சற்று அதிக விலைக்குப் பொருள் எடுத்து, அட்டையில் உள்ளது போக மீதியை ரொக்கமாகக் கொடுப்பது. வழக்கமான சுயிகாவைத் திருப்பிக் கொடுத்தால் இருப்பிலிருந்து 220 யென் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். இருப்பு பூஜ்யமாக இருந்தால் பிடிக்க எதுவுமில்லை, 500 யென் வைப்புத்தொகை முழுதாகக் கைக்கு வரும். திரும்ப வரும் எண்ணம் இருந்தால் திருப்பிக் கொடுக்கவே வேண்டாம், கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து 10 ஆண்டுகள் வரை அந்த அட்டை செல்லும்.